அங்கீகாரம் பெறாத திட்டங்களின் இன்டர்ன்களை மேற்பார்வையிடுதல்: ஒரு பயிற்சி வகுப்பின் மதிப்புரை

அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாத முனைவர் பட்டத் திட்டங்களிலிருந்து வரும் இன்டர்ன்களை, அதாவது ஓராண்டு மேற்பார்வையின் கீழ் பயிற்சி பெறும் உளவியல் மாணவர்களை, ஏற்றுக்கொள்ளும் மேற்பார்வையாளர்களுக்கென ஆறு வார இணையவழி வகுப்பு ஒன்று நடத்தப்படுகிறது. அத்தகைய இருவர் எங்கள் பிரிவில் சேரவிருந்ததால் அதில் சேர்ந்தேன். இன்டர்ன் செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மேற்பார்வையாளரே தம் உரிமத்தின் பேரில் பொறுப்பேற்கிறார். அதனால், முன்பின் அறியாத ஒரு திட்டத்தின் மதிப்பெண் பட்டியலை மட்டும் நம்பி நோயாளிகளை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் இரண்டு வாரங்கள் அங்கீகாரத்தைப் பற்றியவை. தெளிவாகவும் சுருக்கமாகவும் இருந்தன. முனைவர் பட்டத் திட்டங்களுக்கு 1948 முதலும், இன்டர்ன்ஷிப்களுக்கு 1956 முதலும் அச்சங்கம் அங்கீகாரம் வழங்கிவருகிறது. மாணவர் படித்த திட்டத்தின் அங்கீகாரம் ஒன்று, அவர் பயிற்சி பெறும் இடத்தின் அங்கீகாரம் மற்றொன்று. இன்டர்ன்ஷிப் மையங்களின் கூட்டமைப்பான ஆப்பிக்கில் உறுப்பினராக இருப்பதும் அங்கீகாரம் பெறுவதும் ஒன்றே என்று, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூடக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழப்பத்தைப் பயிற்றுநர் பொறுமையாகத் தீர்த்துவைத்தார்.

வகுப்பின் உண்மையான பெறுமதி மூன்றாம், நான்காம் வாரங்களில் இருக்கிறது. 1996-இல் லடானியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற, பயிற்சி பெறுவோரில் 97 சதவீதத்தினர் மேற்பார்வையாளரிடம் எதையாவது சொல்லாமல் மறைத்ததாக ஒப்புக்கொண்டனர். பயிற்றுநர் அந்த ஆய்விலிருந்தே தொடங்கினார். தம் பட்டத்தின் மீது ஏற்கெனவே ஐயம் இருப்பதாக உணரும் மாணவர் இன்னும் கூடுதலாக மறைக்கக்கூடும் என்பது அவருடைய கருத்து. என் அனுபவமும் அதையே சொல்கிறது. எனவே, இன்டர்ன் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டு வழிநடத்துவது போதாது, அமர்வை நேரில் இருந்தோ ஒளிப்பதிவிலோ பார்த்தே ஆக வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

அதற்கான பயிற்சியாக, நடித்துக் காட்டப்பட்ட ஒரு நேர்காணலின் ஒளிப்பதிவையும் அதற்கு இன்டர்ன் எழுதிய குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். குறிப்பில் “தற்கொலை எண்ணம் இல்லை” என்று இருந்தது. ஒளிப்பதிவில் அவர் கேட்ட கேள்வியோ, “அப்படியெல்லாம் எண்ணம் எதுவும் இல்லையே?” என்பது. இப்படிக் கேட்டால் “இல்லை” என்ற பதிலைத் தவிர வேறென்ன வரும்? எழுதியது பொய்யில்லை, ஆனாலும் அபாய மதிப்பீடு அங்கே நடக்கவே இல்லை. குறிப்பை மட்டும் படித்துக் கையெழுத்திடும் மேற்பார்வையாளருக்கு இது ஒருபோதும் தெரியவராது.

இதைக் கற்ற பிறகு, எங்களிடம் வந்த இருவரையும் முதல் நோயாளியைச் சந்திக்கும் முன்னர் இரண்டு மாதிரி நேர்காணல்கள் நடத்தவும், ஒரு வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனைத் தாளை என் கண்முன்னே மதிப்பெண்ணிடவும் செய்தேன். ஒருவருடைய மதிப்பெண்ணிடலில் ஒரு பிழையும் இல்லை. அங்கீகாரம் பெற்ற திட்டங்களிலிருந்து வந்த சிலரிடம்கூட அவ்வளவு கவனத்தை நான் கண்டதில்லை. மற்றவர் நேர்காணலில் இயல்பான கனிவு உடையவர். ஆனால் தற்கொலை அபாய மதிப்பீட்டை ஒருவர் செய்து காட்ட அதுவரை பார்த்ததே இல்லை என்று தயக்கத்துடன் சொன்னார். மூன்று வாரங்கள் நான் கேட்க அவர் உடனிருந்தார், பிறகு அவர் கேட்க நான் உடனிருந்தேன்.

இந்த இருவரையும் மனத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஐந்தாம் வாரத்தின் குறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அங்கீகாரமற்ற திட்டங்களிலிருந்து வருவோர் அனைவரையும் தொடக்க நிலையினர் என்று ஒரே வகையில் சேர்த்து, எல்லோருக்கும் ஒரே ஈடுசெய் பாடத்திட்டத்தை அந்த வாரம் பரிந்துரைக்கிறது. பயிற்சி பெறுவோர் படிப்படியாக நிலைகளைக் கடந்து வளர்கிறார்கள் என்னும் ஸ்டோல்டன்பெர்க்கின் வளர்ச்சிநிலை மாதிரியை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த மாதிரியோ, பயிற்சி பெறும் ஒரே நபர் சோதனைகளில் ஒரு நிலையிலும் சிகிச்சையில் வேறொரு நிலையிலும் இருக்கலாம் என்று சொல்வது. மேலும், வகுப்பு தரும் மாதிரி அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு மணி நேர மேற்பார்வையே உள்ளது. அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப்களில் முழுநேரமாகப் பயிற்சி பெறுபவருக்கு வாரம் குறைந்தது நான்கு மணி நேர மேற்பார்வை தேவை, அதில் குறைந்தது இரண்டு மணி நேரம் குழுவாக அல்லாமல் தனிநபர் மேற்பார்வையாக இருக்க வேண்டும். அடித்தளம் உறுதியாகத் தெரியாதவருக்கு அதைவிடக் குறைவாகத் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உரிமம் பற்றிய உரையாடலையும் வகுப்பு ஒரு வரியில் கடந்துவிடுகிறது. அங்கீகாரம் இல்லாத பட்டத்தை அமெரிக்காவின் எல்லா மாநில உரிமக் குழுக்களும் ஒரே விதமாக ஏற்பதில்லை. முன்னாள் படைவீரர் நலத் துறையின் பணியிடங்களுக்கும் பொதுவாக அங்கீகாரம் பெற்ற பட்டமும் இன்டர்ன்ஷிப்பும் தேவை. ஓராண்டு உழைப்பைத் தரப்போகும் மாணவருக்கு இதைச் சேர்வதற்கு முன்பே சொல்லும் கடமை நமக்கு உண்டு. எப்படிச் சொல்வது என்பதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்கியிருக்கலாம்.

ஒலி, ஒளித் தரத்தில் குறையில்லை. கலந்துரையாடல் குழு மட்டும் எல்லோரும் பேச முடியாத அளவுக்குப் பெரியது. முதன்முறையாக இத்தகைய இன்டர்னை ஏற்பவருக்கு மூன்றாம், நான்காம் வாரங்களுக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐந்தாம் வாரத்தைத் தம் முன் இருக்கும் மாணவரோடு ஒப்பிட்டு அவர் திருத்திக்கொள்ள வேண்டும்.

இறுதி வாரத்தில் தரப்படும் மேற்பார்வை ஒப்பந்தப் படிவத்தை இப்போது பயன்படுத்துகிறேன். அதில் ஒன்றை மட்டும் சேர்த்திருக்கிறேன். இன்டர்னின் பணியில் கவலைக்குரிய ஏதேனும் தென்பட்டால் அவருடைய கல்வி நிறுவனத்தில் யாரை அழைப்பது என்பதற்கு அப்படிவத்தில் இடமே இல்லை. முன்பொரு முறை, ஒரு நிறுவனத்தில் அப்படிப்பட்ட பொறுப்பாளர் எவரும் இல்லை என்பதை ஆண்டின் நடுவில்தான் அறிந்தேன். பயிற்சிப் பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவருடைய கையொப்பமும் இல்லாத படிவத்தில் இப்போது நான் கையெழுத்திடுவதில்லை.