சித்தர் நாவல் எழுதி வைத்திருக்கிறீர்களா? கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

சித்தர், சுவடி, மலைக்கோயில் என்று ஆன்மீகத் திகில் நாவல் எழுதிவிட்டுப் பதிப்பகம் தேடி அலைகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களைக் குறிவைத்தே, காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருகிற ஒரு கூட்டம் கடை விரித்திருக்கிறது. நான் சிக்கிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. "மானநஷ்ட வழக்கு போடுவோம்" என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே மிரட்டிவிட்டார்கள்.

என் நாவலின் களம் சதுரகிரி. அமாவாசைக்கு மலையேறிய கூட்டத்தில் ஒருவர் மட்டும் இறங்கி வரவில்லை. அவர் பையிலிருந்த சுவடிக்கட்டு தாணிப்பாறை அடிவாரத்துக்கு வந்து சேர்கிறது. பெயர்பெற்ற பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். பலர் பதிலே போடவில்லை. ஒருவர், "பக்தியா, கொலையா? ரெண்டில ஒண்ண முடிவு பண்ணிட்டு வாங்க சார்" என்றார். மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கலவை ஒன்றும் புதிதில்லை. ஆனாலும் கதவு திறக்கவில்லை. வருடங்கள் ஓடின.

அப்புறம்தான் அந்த நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. பிரதியை அனுப்பிய அன்று சாயங்காலமே போன். "பிரமாதம் சார், இது வெப் சீரிஸ் மெட்டீரியல்!" அவ்வளவு தடிமனான பிரதியைப் படித்தாரா, மோப்பம் பிடித்தாரா, தெரியவில்லை. எடிட்டிங், ராப்பர் (மேலட்டை), ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண், பதிப்புரிமைப் பதிவு, புத்தகக் காட்சி, நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு) எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். பணம் கட்டினேன்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு இவர்கள் தனிக் கட்டணம் போட்டிருந்தார்கள். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு முகமை கொடுக்கிறது, எழுத்தாளர் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமைப் பதிவுக்கு இவர்கள் கேட்டது ஆயிரக்கணக்கில். இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். அந்தப் பதிவும் கட்டாயமில்லை, எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது.

எடிட்டிங் என்ற பெயரில் நடந்தது வெறும் எழுத்துரு மாற்றம். யூனிகோடிலிருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறின. 'கௌரி' புத்தகம் முழுக்க 'கெ-ள-ரி' ஆனாள். நான் திருத்திக் கொடுத்த மெய்ப்பை (ப்ரூஃப்) யாரும் தொட்ட மாதிரித் தெரியவில்லை. ராப்பரில் பனிமலையும் ஜடாமுடிச் சாமியாரும். சதுரகிரியில் ஏதய்யா பனி என்று கேட்டால், "ஸ்பிரிச்சுவல் ஃபீல் சார்" என்கிறார்கள்.

முதல் பதிப்பு 1000 பிரதி என்று உள்ளே அச்சடித்திருந்தது. மிச்சப் பிரதிகளைக் காட்டுங்கள் என்றேன். குடோன் சாவி ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம் இருந்தது. நடந்தது என்னவென்றால், என் சொந்தக்காரர்கள் ஆர்டர் போடப்போட அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். நந்தனம் புத்தகக் காட்சியில் யாரோ ஒருவருடைய அரங்கின் கீழ்த்தட்டில் ஒரே ஒரு பிரதி கிடந்தது. நூலக ஆணையை அரசின் தேர்வுக்குழு முடிவு செய்கிறது. "வாங்கித் தருகிறோம்" என்று எவராவது உத்தரவாதம் கொடுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு சோதனை வழி உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்பாளர் வெளியிட்ட ஒவ்வொரு நூலையும் 30 நாளுக்குள் எழும்பூர் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். அந்த நிறுவனத்தின் பழைய நூல்கள் கன்னிமாராவில் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையது இல்லை.

பணம்கூடப் போகட்டும், ஒப்பந்தம்தான் வயிற்றைக் கலக்கியது. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சினிமா, வெப் சீரிஸ் அத்தனை உரிமையும் 'பதிப்புரிமைக் காலம் முழுவதும்' அவர்களுக்கு. அதாவது என் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு எழுத்தாளருக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது. காலம் குறிப்பிடாவிட்டால், உரிமையை எழுதிக் கொடுத்தது 5 ஆண்டுக்குத்தான் செல்லும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் இரண்டுமே ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரைதான். கதைக்கு எடிட்டர் இல்லாத நிறுவனம், இந்த வரிக்கு மட்டும் நல்ல வக்கீலை வைத்திருக்கிறது.

காசு கொடுத்துப் புத்தகம் போடுவதை நான் குறை சொல்லவில்லை. அச்சுக்கூலியை வெளிப்படையாக வாங்கிக்கொண்டு, உரிமையை எழுதியவரிடமே விட்டுவிடுகிற நேர்மையான ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் வெப் சீரிஸ் பேச மாட்டார்கள்.

ராயல்டிக் கணக்கு இன்றுவரை வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரும் பதிவாகியிருக்கிறது. இதேபோல் மாட்டியவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்து போகலாம். ஒப்பந்த நகல், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். வக்கீல் முதலில் கேட்டது அவற்றைத்தான்.