இருநூறு பேருக்கு ஓர் ஆட்சி: தனித்திருப்பதா, இணைவதா?

நோர்வேயின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், ஹவ்கசுண்ட் நகரிலிருந்து படகில் ஏறக்குறைய எழுபது நிமிடத் தொலைவில் இருக்கிறது உத்சீரா தீவு. ஆறு சதுர கிலோமீற்றர் நிலம், சுமார் 200 மக்கள். இது தனியொரு கொம்யூன், அதாவது தனக்கென்று தேர்தலும் முதல்வரும் வரவு செலவுத் திட்டமும் உடைய முழுமையான உள்ளாட்சி. மக்கள் தொகை 5,000ஐத் தாண்டாத கொம்யூன் ஆனாலும் சபையில் குறைந்தது 11 உறுப்பினர்கள் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்வதால், இங்கே பதினெட்டுப் பேருக்கு ஒருவர் மக்கள் பிரதிநிதியாகிவிடுகிறார். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட ஒஸ்லோவுக்கு, ஒரு கொம்யூன் என்ற வகையில் என்னென்ன கடமைகள் உண்டோ அவை அத்தனையும் உத்சீராவுக்கும் உண்டு. பத்தாண்டுப் பள்ளிக் கல்வி, பாலர் பள்ளி, குடும்ப மருத்துவர், முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் நலன், குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு, நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கொம்யூன் சிறியது என்பதற்காக எதுவும் குறைக்கப்படுவதில்லை.

இத்தகைய சிற்றூராட்சிகள் தனித்து நிற்பதா, பெரிய அயல் கொம்யூனோடு இணைந்துவிடுவதா என்ற விவாதம் நோர்வேயில் மூன்று தலைமுறைகளாக நடந்து வருகிறது. 1837ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிக்கு வித்திட்டது. சாலைகளும் பள்ளிகளும் பெருகிய பின்னர், நிக்கொலாய் ஷெய் தலைமையில் 1946இல் அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரைகளின் வழியே, 1960களில் 744 கொம்யூன்கள் 454 ஆகச் சுருங்கின. 2014இல் தொடங்கிய அடுத்த சீர்திருத்தம் 428ஐ 356 ஆக்கியது. 2020 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த அந்த இணைப்புகளில் சிலவற்றை, மக்கள் மறுத்த போதிலும், நாடாளுமன்றமே 2017இல் வாக்கெடுத்துத் திணித்தது. நான்கே ஆண்டுகளில் ஹாரம் கொம்யூன் ஒலசுண்டிலிருந்து மீண்டும் பிரிந்தபோது எண்ணிக்கை 357 ஆயிற்று. இத்தனை அலைகளுக்கும் உத்சீரா தப்பித்தது, பேர்கனுக்கு வடகிழக்கே மலைகளுக்கிடையில் ஒடுங்கிக் கிடக்கும் மூடாலனும் தப்பித்தது. வடக்கே பியார்கொய் தப்பவில்லை. சரியாகச் சொன்னால், தப்பவேண்டும் என்று அது நினைக்கவில்லை. எனவே இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் மூடாலன். நானூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில் நானூறுக்கும் குறைவானவர்கள் வாழ்கிறார்கள். வெளியுலகோடு சாலைத் தொடர்பு 1970களில்தான் கிடைத்தது. அதற்கு முன்னர் மூஸ்திரௌமன் என்ற, இருபுறமும் பாறைச் சுவர் எழும்பிய குறுகிய நீரிணை வழியாகப் படகில்தான் போய்வர வேண்டும். இன்றும் பேர்கனிலிருந்து சுற்றுலாப் படகுகள் அந்த நீரோட்டத்தைக் காட்டுவதற்காகவே அங்கே வருகின்றன. ஆனால் மூடாலனின் செல்வம் அந்தக் காட்சியில் இல்லை, மலைமேல் தேங்கி நிற்கும் நீரில் இருக்கிறது. அது எப்படிப் பணமாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் நோர்வேயின் மலைநாட்டுக் கொம்யூன்கள் பலவற்றின் பிடிவாதத்துக்குக் காரணம் இந்தக் கணக்கில்தான் கிடக்கிறது.

நீர்மின் நிலையம் அமைந்த கொம்யூனுக்கு நான்கு வழிகளில் வருமானம் வருகிறது. நிலையத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 0.7 சதவீதம் வரை சொத்துவரி விதிக்கலாம். உற்பத்தியாகும் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் இயற்கை வள வரியாக 1.1 ஓரெ, அதாவது ஒரு குரோனரில் நூறில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், கொம்யூனுக்குச் சேர்கிறது. ஏழாண்டுச் சராசரி உற்பத்தியைக் கொண்டு கணக்கிடுவதால் ஒரு வறண்ட ஆண்டு அந்தத் தொகையைப் பெரிதாக அசைப்பதில்லை. ஆற்றைத் தடுத்ததற்கான உரிமக் கட்டணம் தனியாக வருகிறது. நான்காவதாக, உற்பத்தியில் பத்து சதவீதம் வரை ஏறக்குறைய அடக்க விலையில் பெறும் உரிமை உண்டு. 1917ஆம் ஆண்டுச் சட்டங்களில் வேர்கொண்ட ஏற்பாடு இது: நீர் அந்த ஊருடையது, அதை எடுத்துச் செல்பவர் ஊருக்குப் பங்கு கொடுக்கவேண்டும். சந்தை விலை ஏறினால், அடக்க விலைக்கும் சந்தை விலைக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் கொம்யூனுக்கு இலாபம். 2021, 2022இல் தென் நோர்வேயில் மின்கட்டணம் எகிறி வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தபோது, இத்தகைய கொம்யூன்களின் கணக்கில் பணம் குவிந்தது.

ஆனால் இங்கே ஒரு முடிச்சும் உண்டு. கொம்யூன் தன் எல்லைக்குள் தேவைப்படும் பொது மின்நுகர்வு அளவுக்கே இந்த மலிவு மின்சாரத்தைக் கோரமுடியும், மிஞ்சுவது மாகாண நிர்வாகத்துக்குப் போய்விடும். நானூறு பேருக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டுவிடும்? ஆகவே மிகச் சிறிய கொம்யூனுக்கு இந்த நான்காவது வழி ஒரு வாய்க்கால்தான், சொத்துவரியே பேராறு. அயலில் உள்ள பெரிய கொம்யூனோடு இணைந்தால் அந்தச் சொத்துவரி பல்லாயிரம் பேருக்குப் பங்கிடப்படும். மூடாலன் தனித்து நிற்பதற்குப் பண்பாட்டுக் காரணங்களும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை, ஆனால் இந்த ஒன்று மட்டுமே போதுமானது. மண்ணின் பாசம் என்று மேடையில் பேசப்படுவதில் பாதி சொத்துவரிப் பாசம் என்று சொல்வது சற்றுக் கடுமையாகத் தோன்றும். இருந்தாலும் நானும் அந்த ஊரில் வரி கட்டி வாழ்ந்தால் அப்படியே வாக்களிப்பேன்.

உத்சீராவிடம் நீர்வீழ்ச்சி இல்லை, காற்று மட்டும் இருக்கிறது. 2004இல் அங்கே இரண்டு காற்றாலைகளை நிறுவி, மிகையான மின்சாரத்தை ஹைட்ரஜனாகச் சேமித்து, காற்று ஓய்ந்த வேளைகளில் பத்து வீடுகளுக்கு விநியோகிக்கும் சோதனை நடந்தது. உலகப் பத்திரிகைகள் எழுதிய முயற்சி அது, ஆனால் கொம்யூனுக்கு நிலையான வருமானம் தரும் மின்தொழிலாக வளரவில்லை. எனவே அது அரசு மானியத்தில் வாழ்கிறது. ஒவ்வொரு கொம்யூனுக்கும் நிர்வாகச் செலவுக்கென அடிப்படைத் தொகை உண்டு. மக்கள் தொகை 3,200க்குக் குறைந்த கொம்யூன்களுக்கு மேலதிகத் தொகையும் உண்டு. தென் நோர்வேயில், வரி வருமானம் மிகுந்தவற்றுக்கு அது கிடையாது. 2017இல் அடிப்படைத் தொகையைக் கணக்கிடும் முறையும் மாறியது. மக்கள் ஓர் அளவான எண்ணிக்கையினரைச் சென்றடைய எவ்வளவு தூரம் பயணம் செய்யவேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்து, விரும்பியே சிறியவையாய் இருப்பவை, வேறு வழியின்றிச் சிறியவையாய் இருப்பவை என்று இரு சாரார் பிரிக்கப்பட்டார்கள். நகரத்துக்கு அருகில் இருந்துகொண்டு இணைய மறுக்கும் கொம்யூன் தன் பிடிவாதத்துக்கான செலவில் ஒரு பகுதியைத் தானே ஏற்கவேண்டியிருந்தது. நடுக்கடலில் இருப்பதற்கு அந்த நெருக்கடி இருக்கவில்லை. எனக்கு இது நியாயமான பிரிப்பாகவே படுகிறது.

சதுர கிலோமீற்றருக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் உத்சீரா நாட்டுச் சராசரியைவிட நெருக்கமான இடம் என்பதையும் இங்கே கவனிக்கலாம். வெறுமை தீவில் இல்லை, சுற்றியுள்ள கடலில் இருக்கிறது. மறுகோடியில், நோர்வேயின் மிகப் பெரிய கொம்யூனான கௌதக்கைனோ ஏறக்குறைய 9,700 சதுர கிலோமீற்றர் பரப்பில் மூவாயிரம் பேருக்கும் குறைவான மக்களைக் கொண்டது. கலைமான் மேய்க்கும் சாமி என்னும் பழங்குடி மக்களின் நிலம். அதன் மையத்திலிருந்து அயல் கொம்யூன் கராஷோக்கின் மையத்துக்குச் சாலையில் சுமார் 130 கிலோமீற்றர். இரண்டையும் இணைத்து ஒரு பெயர்ப்பலகை வைத்தால் அந்த 130 கிலோமீற்றரில் ஒன்றுகூடக் குறையாது.

இனிப் பணத்தை விட்டுச் சேவைக்கு வருவோம். சிறிய கொம்யூனின் உண்மையான பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது, அது பணத்தால் தீராதது. இருநூறு பேர் உள்ள தீவில் சபை கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுத்துறையில் ஒரு கொட்டகை கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது. விண்ணப்பித்தவரின் அண்ணன் சபையில் இருக்கிறார், அவர் எழுந்து அறையைவிட்டு வெளியேறவேண்டும், ஏனெனில் சொந்தக்காரர் விவகாரத்தில் வாக்களிக்கச் சட்டம் இடம் தராது. மைத்துனியும் சபையில் இருக்கிறார், அவரும் போகிறார். கொட்டகைக்கு எதிர்ப்புத் தெரிவித்த அயல்வீட்டுக்காரரே மூன்றாவது உறுப்பினர். மிஞ்சியவர்கள் சிரித்தபடியே முடிவெடுத்துவிடலாம், கொட்டகைதானே. ஆனால் ஒரு குழந்தை வீட்டில் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு வந்தால், அதை விசாரிக்கப் போகும் அலுவலர் அந்தத் தாயோடு ஒரே வகுப்பில் படித்தவராக இருந்தால், என்ன செய்வது? எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பது அந்த ஊரின் அழகு. முறைப்பாடு செய்யவேண்டிய நாளில் அதுவே தடை.

இதற்கு நோர்வே கண்ட விடை, இணையாமலே இணைவது. பல கொம்யூன்கள் சேர்ந்து தனிச் சட்டத்தின்கீழ் நிறுவனம் அமைக்கலாம், அல்லது ஒரு பெரிய கொம்யூன் மற்றவற்றுக்காக ஒரு சேவையைப் பொறுப்பேற்று நடத்தலாம். இரவுநேர மருத்துவம், தீயணைப்பு, குப்பை அகற்றல், குழந்தைகள் நலன், கணினிச் சேவை என்று அன்றாட வேலைகளில் பெரும்பங்கு இவ்வழியில் நடைபெறுகிறது. ஆக, தனித்து நிற்கும் சிறு கொம்யூன் என்பது பாதி உண்மைதான். இதில் இன்னொரு சிக்கலும் பிறக்கிறது. சேவை சரியில்லை என்றால் யாரிடம் கேட்பது? உள்ளூர் முதல்வரிடம் கேட்டால் அவர் நடத்துநரான கொம்யூனைக் காட்டுவார், அந்தக் கொம்யூனின் சபைக்கோ கேள்வி கேட்பவர் வாக்காளரல்லர். சேவையின் தரத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், முழு இணைப்பு இந்த அரைகுறை ஏற்பாட்டைவிட நேர்மையானது என்றே சொல்வேன்.

இருந்தும் இணைவதற்கு நான் எளிதில் கை தூக்கமாட்டேன். காரணம் பியார்கொய்.

ஹார்ஸ்டா நகருக்கு வடக்கே உள்ள இத்தீவுக் கூட்டம், 1030இல் ஸ்டிக்லஸ்டா போர்க்களத்தில் ஓலாவ் மன்னரை எதிர்த்து நின்ற தூரெ ஹுண்டின் ஊர். ஒரு காலத்தில் மன்னர்களை எதிர்த்த இடத்தில் இக்காலத்தில் 450 பேர் அளவிலேயே இருந்தார்கள், தீவுக்குத் தீவு படகு மாறிப் போய்வந்தார்கள். இணைப்பும் நிலையான சாலைத் தொடர்பும் ஒரே பேரமாகப் பேசப்பட்டன. 2013 சனவரியில் கொம்யூன் ஹார்ஸ்டாவில் கரைந்தது. 2018 இறுதியில் பியார்கொய்யிலிருந்து கிரீத்தோய்யாவுக்குக் கடலடிச் சுரங்கமும், அங்கிருந்து சான்ட்சோய்யாவுக்குப் பாலமும் திறக்கப்பட்டன. சுரங்கம் மட்டும் மூன்று கிலோமீற்றருக்கு மேல். அரசியலில் கொடுத்த வாக்கு கல்லிலும் கொங்கிரீட்டிலும் நிறைவேறிய அபூர்வமான இடம் இது.

விலை என்ன? ஹார்ஸ்டாவில் ஏறக்குறைய 25,000 பேர். தீவுக்காரர்கள் ஐம்பதில் ஒருவர் என்ற விகிதத்துக்கும் கீழே போய்விட்டார்கள். உத்சீராவில் பதினெட்டுப் பேருக்கு ஓர் உறுப்பினர். பியார்கொய்யின் வாக்குகள் முழுவதும் ஒருவருக்கே விழுந்தாலும் அவர் ஒருவராகத்தான் சபைக்குப் போவார். எத்தனை அகதிகளை ஏற்பது என்பதுகூட நோர்வேயில் கொம்யூன் சபை வாக்கெடுத்துத் தீர்மானிக்கும் விடயம். மூன்றாண்டுகள் சட்டபூர்வமாக வாழ்ந்த வெளிநாட்டவரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 1980களில் பின்மார்க் மாகாணக் கரையோர மீன் ஆலைகளுக்கு வந்த ஈழத்தமிழர்கள் நோர்வேயில் முதலில் கண்ட அரசு இத்தகைய சிறு கொம்யூன்களே. அங்கே ஒரு வாக்குக்கு இருந்த கனம், பலர் பின்னர் குடிபெயர்ந்த ஒஸ்லோவில் இருக்கவில்லை.

ஆகவே என் கணிப்பு இது: இணையும் கொம்யூன் விட்டுக்கொடுப்பது திரும்பக் கிடைக்காத ஒன்று, ஹாரம் போன்ற விதிவிலக்குக்கும் அங்கே சுமார் ஒன்பதாயிரம் பேரின் பலம் தேவைப்பட்டது. அதற்கு ஈடாக வாங்குவதும் திரும்பப் பிடுங்கமுடியாததாக இருக்கவேண்டும். சுரங்கத்தை யாரும் பிடுங்கமுடியாது. பள்ளியை மூடமாட்டோம் என்ற ஒப்பந்த வாசகம் அப்படியன்று, அடுத்த தேர்தலுக்குப் பின் வரும் சபையை அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. அரசு தரும் இணைப்பு மானியமும் அப்படியன்று. பழைய கொம்யூன்களின் தொகை பதினைந்து ஆண்டுகளுக்கு முழுமையாகத் தொடர்ந்து, அடுத்த ஐந்தாண்டுகளில் தேய்ந்து மறையும். இந்த அளவுகோலில் மூடாலனுக்கு இணைவதில் பயனில்லை, சாலை ஏற்கெனவே வந்துவிட்டது, இழப்பதற்கு மட்டும் நிறைய இருக்கிறது. உத்சீராவுக்குச் சுரங்கம் தரக்கூடியவர் எவருமில்லை, கரை 18 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. பன்னிரண்டு பேர் கொண்ட சபையில் பதினொருவர் பெண்களாக 1925இலேயே தெரிவாகி, மருத்துவிச்சியான ஓசா ஹெல்கசன் நோர்வேயின் முதல் பெண் கொம்யூன் முதல்வரான தீவு அது. தன் ஆட்சியை விட்டுக்கொடுக்கத் தகுந்த விலையை அதற்கு இதுவரை யாரும் முன்வைக்கவில்லை.

பியார்கொய் விடயத்தில் நான் இணைப்பின் பக்கமே நிற்பேன், ஒரு தயக்கத்தோடு. சுரங்கமும் பாலமும் தீவுகளை ஒன்றோடொன்று சேர்த்தனவே தவிர, கிரீத்தோய்யாவிலிருந்து ஹார்ஸ்டா பக்கத்துக்கு இன்றும் படகுதான். அந்தப் படகின் நேர அட்டவணையைத் தீர்மானிப்பது மாகாண நிர்வாகம். முன்னர் தீவின் முதல்வர் தன் கொம்யூனின் பெயரில் அங்கே கடிதம் எழுதுவார். இப்போது மாலைப் படகை அரைமணி நேரம் பிந்தவைக்கும் கோரிக்கையை முதலில் ஹார்ஸ்டா சபையின் நிகழ்ச்சி நிரலில் ஏற்றவேண்டும், நகரத்தின் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் பின்னால்.