தனியாகவா, கூட்டமாகவா? புற்றுநோய்க் கலங்கள் பரவும் இரண்டு வழிகள்

கலங்களுக்கு (செல்களுக்கு) இடையிலான பிடி தளர்ந்தால் புற்றுநோய் பரவும் என்றுதான் திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பலரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அது பாதிதான்.

முதல் வழி, தனியாகப் பிரிவது. ஈ-கேடரின் என்ற புரதம் கல்சியத்தின் உதவியுடன் பக்கத்துக் கலங்களை இறுக்கிப் பிடிக்கிறது. மார்பகப் புற்றுநோயில் லொபியூலர் என்ற வகையில் பெரும்பாலும் இந்தப் புரதம் இருப்பதில்லை. கலங்கள் ஒன்றின்பின் ஒன்றாக வரிசையில் ஊடுருவும். கட்டி தெளிவாகத் திரளாததால் மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயிலும் தவறிவிடலாம்.

இரண்டாவது வழி, பிடியை விடாமல் கூட்டமாகப் போவது. என்னைக் கேட்டால் அதிகம் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். இரத்தத்தில் இப்படிப்பட்ட கொத்துகள் அரிது. ஆனாலும் 2014இல் வெளியான எலி ஆய்வில், தனிக் கலங்களைவிட இவை 23 முதல் 50 மடங்கு அதிகமாகப் புதிய கட்டிகளை உண்டாக்கும் திறன் காட்டின. 2019இல் இன்னொரு எலி ஆய்வு: ஈ-கேடரினை நீக்கியதும் கலங்கள் அதிகமாக ஊடுருவின, ஆனால் தூர உறுப்பில் உயிர்தப்பி வளர்ந்தவை குறைந்தன. பிரிந்து போவதும் போன இடத்தில் பிழைப்பதும் வேறு வேறு வேலைகள்.

நம் ஊரில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோய், பெரும்பாலும் கூட்டமாக ஊடுருவி முதலில் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போகும். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணையும் கழுத்துக் கட்டியையும் தயவுசெய்து உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.