உப்புக்காற்றில் பின்சக்கர டிஸ்க் பிரேக்: மண்டபத்தில் ஓட்டிய அனுபவம்

நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்பதற்காகவே இந்தக் காரை எடுத்தோம். ஓட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மழையில் மதுரை ரோட்டில் திடீரென்று மிதித்தாலும் வண்டி அலையாமல் நேராக நிற்கும். ஆனால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இருபுறமும் கடல் இருக்கிற எங்கள் ஊரில் பின்சக்கர டிஸ்க்கைக் காப்பாற்றுவது தனி வேலை.

காரணம் எளிது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது, அதனால் டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கிற பேட் தேய்த்துத் தேய்த்து முன் டிஸ்க் எப்போதும் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் பிரேக் லேசாகத்தான் பிடிக்கிறது, ஏறிய துரு முழுதாகப் போவதில்லை. டிரம் பிரேக் என்றால் உருளைக்குள் கொஞ்சமாவது மூடிக் கிடக்கும், டிஸ்க்குக்கு அதுவும் இல்லை. என்னைக் கேட்டால் கடலோரத்தில் நிற்கிற, மெதுவாக ஓடுகிற வண்டிக்குப் பின்னால் டிரம்மே போதும். விற்பனைக்கு வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எங்களுக்குத் தொல்லை கொடுத்தது வலது பின்சக்கரம். பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரத்தில் இறங்கினால் கருகின நாற்றம், அந்த ஒரு வீலில் மட்டும் கறுப்புத் தூசி, பக்கத்தில் கை கொண்டுபோனாலே அனல். மைலேஜும் இறங்கிக்கொண்டே வந்தது. ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் புது பேட் போட்டு, டிஸ்க்கை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, நல்ல பில்லாகவும் போட்டுக் கொடுத்தார்கள். பழைய பேட் ஏன் கோணலாகத் தேய்ந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அதே நாற்றம்.

அப்புறம் உச்சிப்புளிப் பக்கம் ஒரு மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றுவதற்கு முன்னால் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினார், இடது சுழன்றது, வலது முனகிக்கொண்டு கால் சுற்றில் நின்றது. அடுத்து, பேட்டை டிஸ்க்கோடு அழுத்துகிற காலிப்பரில், ஆயிலை வெளியே விடுகிற பிளீடர் நிப்பிளை லேசாகத் திறந்தார். ஆயில் கொஞ்சம் வடிந்ததும் சக்கரம் இளகினால் உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஆயில் வருகிற ரப்பர் ஹோஸ் உட்பக்கம் வீங்கியிருக்கும் அல்லது பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு. இளகவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றிப் பார்த்தார், அந்தக் கேபிள் இழுக்கிற காலிப்பர் லீவர் ஸ்பிரிங் இழுப்பில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தது, சக்கரம் அப்படியே இறுக்கம். மிச்சம் பேட்டைத் தள்ளுகிற பிஸ்டன் அல்லது காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்.

காலிப்பரைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. மேல் ஸ்லைடு பின் ஒரு விரலால் தள்ளினாலே போகிறது, கீழ் ஸ்லைடு பின் சுத்தியலுக்கும் அசையவில்லை. அதை மூடுகிற ரப்பர் உறை, அதாவது பூட், ஓரத்தில் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் காப்பிப்பொடி மாதிரி துரு, நடுவில் பொடி மணல். புது பேட்டும் ஒரு பக்கமாகக் கோணித் தேய ஆரம்பித்திருந்தது. டிஸ்க் ஓரத்தில் துரு விளிம்பு கட்டியிருந்ததே தவிர, வெர்னியர் வைத்து அளந்தால் அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலேதான் நின்றது. சரி, டிஸ்க் தப்பித்தது.

ஸ்லைடு பின், பூட் இரண்டும் புதிது. போட்டது பிரேக்குக்கென்று வரும் சிலிக்கான் கிரீஸ், சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய்த் திரும்பவும் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கிற எங்கள் வண்டி மாதிரிகளில் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு நேராக அமுக்கினால் உள் பாகம் போய்விடும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயிலையும் அன்றே மாற்றினோம். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். சக்கரம் இப்படிக் காய்கிற வண்டிக்கு அது விளையாட்டல்ல.

சொந்தக்காரர் யார் வந்தாலும் தனுஷ்கோடி, அரிச்சல்முனை போகாமல் விடமாட்டார்கள். திரும்பி வந்ததும் வீல் சூடு ஆறியபின் நல்ல தண்ணீர் அடித்து, ஒரு சுற்று ஓட்டிப் பிரேக் மிதித்து உலர்த்திவிட்டுத்தான் நிறுத்துகிறேன். சமதரையில் ராத்திரி ஹேண்ட் பிரேக் போடுவதில்லை, ஈர டிஸ்க்கோடு பேட் ஒட்டிக்கொள்கிறது. முதல் கியரும் சக்கரத்துக்கு ஒரு கல்லும் போதும்.

இடது பக்க ரப்பர் பூட்டையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். “எதுக்கு தம்பி, நல்லாத்தானே இருக்கு” என்றார் பாய். “வாடைக்காத்து வரப்போகுது பாய், மாத்திருங்க” என்றேன்.