அண்ணா சாலையில் மூன்று அடுக்கு: மேம்பாலமா, மெட்ரோவா, பேருந்தா?

சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே மூன்று போக்குவரத்துக் கொள்கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. மண்ணுக்கு அடியில் 2018இல் திறக்கப்பட்ட மெட்ரோ. தரையில் மாநகரப் பேருந்து. அதற்கு மேலே 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை. 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பு 621 கோடி ரூபாய். மூன்றுக்கும் பணம் கொடுப்பது நாம்தான். அடுத்த ரூபாயை எதில் போட வேண்டும் என்று கேட்டால், பேருந்தில் என்பேன்.

முதலில் மேம்பாலம். மேம்பாலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கத்திப்பாரா மாதிரி பல நெடுஞ்சாலைகள் வந்து சேரும் இடத்தில் அது தேவை. 1973இல் வந்த ஜெமினி மேம்பாலத்துக்கும் அப்படி ஒரு நியாயம் இருந்தது. ஆனால் ஒரு நகரச் சாலையின் மேல் இன்னொரு சாலையை நீளவாக்கில் கட்டுவது வேறு விஷயம். காரில் கடந்து போகிறவருக்குச் சில சிக்னல்கள் மிச்சம். நந்தனம் நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கோ, சாலையைக் கடக்க நிற்கும் கல்லூரி மாணவிக்கோ அதில் என்ன கிடைக்கும்? சாலை அகலமானால் சில ஆண்டுகளில் அதை நிரப்பும் அளவுக்கு வண்டிகளும் பெருகுவதை உலகத்தின் பல நகரங்கள் பார்த்துவிட்டன. நெரிசல் தீர்வதில்லை, பாலம் இறங்கும் இடத்துக்கு நகர்கிறது.

சூழல் கணக்கில் மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலையை மறக்க முடியாது. 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கூவம் ஆற்றுக்குள் தூண்கள் வருகின்றன, வெள்ளம் வடிவது தடைபடும் என்று சொல்லி 2012இல் மாநில அரசு பணியை நிறுத்தியது. பத்து ஆண்டு கழித்து, 2022இல், சுமார் 5,800 கோடி ரூபாய் மதிப்பில் அதே திட்டத்துக்கு மறுபடியும் அடிக்கல். இடையில் 2015 வெள்ளத்தையும் இந்த நகரம் பார்த்தது. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்களை நட்டதும் நாம்தான். நிலம் கையகப்படுத்த வேண்டாம் என்ற ஒரே வசதிக்காக நீர்வழிகளைக் காலி மனை போல நடத்தும் பழக்கம் இனியாவது நிற்க வேண்டும்.

மெட்ரோ எனக்குப் பிடித்தது. வேகம், குளிர்ச்சி, நேரம் தவறாமை, இரவில் பெண்கள் பயமில்லாமல் வரலாம் என்ற நிம்மதி. இவையெல்லாம் உண்மை. விலையும் உண்மை: இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 530 கோடி. மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை மாநிலமே தன் நிதியிலும் கடனிலும் பணியை நகர்த்திக்கொண்டிருந்தது. 2024இல் ஆண்டு முழுவதும் மெட்ரோவில் நடந்தவை சுமார் பத்தரைக் கோடிப் பயணங்கள். நாளுக்கு மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மாநகரப் பேருந்துகள் ஒரே நாளில் சுமப்பது 30 லட்சம் அளவில். மெட்ரோ முதுகெலும்பாக இருக்கட்டும். ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுத் தெருவுக்கு யார் கொண்டுபோய் விடுவது? அங்கே பேருந்து இல்லையென்றால் ஷேர் ஆட்டோ, இல்லையென்றால் சொந்த பைக்.

சரி, பேருந்துக்கு வருவோம். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. அந்த ஏற்பாட்டுக்கு அரசு சொன்ன மதிப்பு 207.90 கோடி, அதாவது ஒரு பேருந்துக்கு ஒன்றே முக்கால் கோடி அளவு. தேனாம்பேட்டை பாலத்தின் 621 கோடியில் அப்படி 350 பேருந்துகள் வரும். பேருந்துக்கு ஓட்டுநர், நடத்துநர், பராமரிப்பு என்று ஆண்டுதோறும் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 350 பேருந்து என்பது 3,000 சொச்சம் பேருந்து ஓடும் ஊரில் பத்தில் ஒரு பங்கு கூடுதல். அது அம்பத்தூரிலும் தெரியும், பெரும்பாக்கத்திலும் தெரியும். பாலம் மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும்.

புகை பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். மின்சாரப் பேருந்து அண்ணா சாலையின் காற்றைச் சுத்தமாக்கும். அதற்கான மின்சாரத்தில் ஒரு பகுதி எண்ணூர்ப் பக்கத்து அனல் நிலையத்தில் நிலக்கரியை எரித்து வருகிறது. வடசென்னைக்காரர்கள் ஏற்கெனவே சாம்பலைச் சுவாசிக்கிறார்கள். ஆனாலும் அறுபது பேர் ஒரே வண்டியில் போவதால் ஆளுக்கு ஆகும் ஆற்றல் காரைவிட மிகக் குறைவு. டீசலில் ஓடினாலும் நிறைந்த பேருந்து அந்தக் கணக்கில் ஜெயிக்கும்.

2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணம் இந்தக் கணக்கில் பெரிய வரவு. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டுவேலைக்குப் போகும் ஒருவருக்கு அந்தப் பணம் கேஸ் சிலிண்டர் அளவு. எந்தப் பாலமும் அவர் கையில் இவ்வளவு கொடுத்ததில்லை.

பேருந்தின் குறை காத்திருப்பும் வேகமும். வண்டி வந்தாலும் கார்களுக்கு நடுவே சிக்கிக் கிடக்கிறது. பேருந்து மட்டும் போகும் தனித்தடம் கொடுத்தால் தீரும். உடனே டெல்லியைக் காட்டுவார்கள்: 2008இல் திறந்த 5.8 கிலோமீட்டர் பேருந்துத் தடத்தை 2016இல் இடித்தார்கள். ஆனால் அகமதாபாத்தில் 2009இல் தொடங்கியது விரிவடைந்து இன்றும் ஓடுகிறது. டெல்லி ஒரு துண்டோடு நின்றது, கார்கள் தடத்துக்குள் நுழைவதைத் தடுக்கவும் முடியவில்லை. சென்னையில் தடம் வந்தால் அது ஒரு துண்டாக இருக்கக் கூடாது; கேமராவும் அபராதமும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

அப்புறம் நடைபாதை. பேருந்துப் பயணி ஒவ்வொருவரும் இரண்டு முனையிலும் நடப்பவர். போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவோம் என்று சென்னை மாநகராட்சி 2014இலேயே கொள்கை வகுத்தது. பாண்டி பஜாரில் 2019இல் அதன் அழகான விளைவைப் பார்த்தோம். அந்த அகலமான நடைபாதை வில்லிவாக்கத்துக்கும் வியாசர்பாடிக்கும் ஏன் போகவில்லை என்று கவுன்சிலர்களைக் கேட்க வேண்டும்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. ஆற்காடு சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் மெட்ரோ தூண்களைச் சுற்றிய தடுப்புகளை எடுத்துவிட்டுச் சாலையைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. அந்த வரைபடத்தில் பேருந்துத் தடமும் நல்ல நடைபாதையும் இடம்பெற வேண்டும். இதைச் சொல்லும் அதிகாரத்தோடுதான் கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டமே இயற்றினார்கள். தார் ஊற்றிக் கோடு போட்ட பிறகு கேட்டால், கார்காரர்களிடமிருந்து பிடுங்குகிறார்கள் என்ற கூச்சல்தான் மிஞ்சும்.