6, 17, 35: சி.பி.ஆர். பிளாங்க்டன் தரவோடு என் அனுபவம்

சி.பி.ஆர். (Continuous Plankton Recorder) என்ற கருவி சேகரித்த வட அட்லாண்டிக் பிளாங்க்டன் (நீரோட்டத்தோடு மிதக்கும் சிற்றுயிர்கள்) தரவை முதலில் திறந்தபோது எனக்கு வந்தது சந்தேகம்தான். கலானஸ் (கோபிபாடு எனும் சின்னஞ்சிறு ஓட்டுயிரி வகை) நெடுவரிசையில் 6, 17, 35, 75 என்று அதே எண்கள் திரும்பத் திரும்ப. ஒரு 8 கிடையாது, ஒரு 20 கிடையாது. யாரோ இட்டுக்கட்டி நிரப்பியிருக்கிறார்கள் என்றே முடிவுகட்டினேன். இரண்டு நாள் கழித்து செய்முறைக் குறிப்பைப் படித்தபோதுதான் உறைத்தது: ஒரு மாதிரியில் 4 முதல் 11 உயிர்கள் வரை இருந்தால் 6 என்று பதிவார்கள், 12 முதல் 25 வரை என்றால் 17. அவசரக்குடுக்கை நான்தான்.

கருவி பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்தது. 1931 முதல் சரக்குக் கப்பல்களின் பின்னால் இழுபட்டு வருகிறது. மூக்கில் அரை அங்குல வாய். அதில் நுழையும் நீர் பட்டுத்துணியில் வடிகிறது. வால்பக்கச் சுழலியை ஓடும் நீரே சுற்ற, பட்டு மெல்ல நகர்கிறது. இன்னொரு பட்டு மேலே வந்து மூட, சிக்கிய உயிர்களோடு இரண்டும் ஃபார்மலினுக்குள் சுருள்கின்றன. மோட்டார் கிடையாது. பத்துக் கடல் மைலுக்கு ஒரு மாதிரி. பட்டு எவ்வளவு பச்சையாகியிருக்கிறது என்பதைக்கூடக் கண்ணால் பார்த்து நான்கு படிகளில்தான் குறிக்கிறார்கள்.

இந்தப் பழைய பாணியை நான் குறையாகச் சொல்லவில்லை. 1958-க்குப் பிறகு எண்ணும் முறையில் அநேகமாகக் கைவைக்காததால்தான் 1960-இன் வசந்தத்தையும் 2000-இன் வசந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது. வட கடலில் குளிர்நீர் இனமான கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் குறைந்து, வெதுநீர் விரும்பும் ஹெல்கோலாண்டிகஸ் பெருகியது இதில் அப்படியே தெரிகிறது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெதுநீர்க் கோபிபாடுகள் நாற்பதே ஆண்டில் சுமார் 10 அட்சப் பாகை வடக்கே ஏறியதும் இதிலிருந்து தெரியவந்ததுதான்.

இரண்டு கலானஸும் பார்க்க ஒன்றுபோல. ஐந்தாம் காலின் உள்விளிம்பு நேராகப் போகிறதா, வளைகிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்தே பிரிக்கிறார்கள். ஆகவே தரவிறக்குபவர்கள் இரண்டையும் கூட்டி ஒரே கோடாக வரைந்துவிடாதீர்கள். ஃபின்மார்க்கிகஸ் வசந்தத்தில் உச்சம் தொடும், ஹெல்கோலாண்டிகஸ் இலையுதிர் காலத்தில். காட் மீன் குஞ்சுகளுக்குத் தீனி வசந்தத்தில் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஏறக்குறைய 7 மீட்டர் ஆழத்தில் மட்டுமே இழுபடுவதால் பகலில் கீழே இறங்கிவிடுபவை தப்பிவிடும். 270 மைக்ரான் கண்ணியில் மிகச் சிறியவை பெரும்பாலும் நழுவிவிடும். ஜெல்லிமீன்கள் நசுங்கிக் கூழாகிவிடும்.

ஐந்துக்கு நாலரை. அந்த அரை ஜெல்லிமீன் கணக்கில்.