உருதில் கேட்டால் உருதில் பதில்: பேரணாம்பட்டில் ஓர் இ-சேவை மையம்

வருமானச் சான்றிதழ் பெறுவதற்காகப் பக்கத்து வீட்டு மூதாட்டியை அழைத்துக்கொண்டு சென்ற மாதம் இந்த மையத்துக்குப் போயிருந்தேன். வீட்டிலும் கடைத்தெருவிலும் உருதிலேயே பேசிப் பழகிய அவருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று இந்தப் பக்கம் முழுவதும் அவரைப் போன்றவர்கள் ஏராளம்.

கணினியில் இருந்த இளைஞர் ஒவ்வொரு விவரத்தையும் உருதில் கேட்டுப் பதிந்து, பதிந்ததை மறுபடியும் உருதிலேயே சொல்லிக் காட்டிய பிறகுதான் விண்ணப்பத்தை அனுப்பினார். அதனால்தான் குடும்ப அட்டையில் ‘ஜ’ என்றும் ஆதாரில் ‘ச’ என்றும் மூதாட்டியின் பெயர் தொடங்குவது எங்களுக்கே தெரியவந்தது. உருதில் உள்ள சில ஒலிகளுக்குத் தமிழில் தனி எழுத்து இல்லாததால், எழுதுபவரின் காதுக்கு எட்டியபடி பெயர் மாறிவிடுகிறது. பின்னர் அந்த ஓர் எழுத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது. கட்டணம் 60 ரூபாய், ரசீதும் கொடுத்தார்கள்.

குறை என்னவென்றால், இந்த வசதி அந்த இளைஞரோடு வந்து அவரோடே போய்விடுகிறது. அடுத்த முறை அவர் விடுப்பில் இருக்க, இருந்தவர் கையை விரித்துவிட்டார். குறைதீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு சொல்கிறது. இங்கோ கட்டணப் பலகையில்கூட உருதில் ஒரு வரி இல்லை. போகிறவர்கள் அந்த இளைஞர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது.